டீச்சருக்கு ஒரு கண்ணாடி வீடு

மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் வந்திருக்கும். மூச்சு வாங்குவதை மறைக்க நம் வயதில் எல்லாரும் கற்றுக்கொள்கிற உத்தி அது. என் தங்கை அதை ஆறு வயதிலேயே கற்றுக்கொண்டாள். கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு ஏறும் கல்படியில் நடுவில் நின்று வாழைக்கூட்டத்தைப் பார்ப்பாள்.

“அங்க என்ன உண்டு?” என்று அம்மா கேட்பாள்.

“காக்கா” என்பாள் தங்கை. அங்கே காக்கா இருக்காது.

மூச்சு இழுக்கும் அந்த ஆஸ்துமா நோய்க்கு எங்கள் பக்கத்தில் வலிவு என்று பெயர். தமிழிலும் அதுதான், மலையாளத்திலும் அதுதான். எங்கள் வீடு பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில், மரச்சீனியும் தென்னையும் நின்ற ஒரு மேட்டில் இருந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பகலில் மலையாளத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு, சாயங்காலம் தமிழ் வேதப் புத்தகத்தை விரித்து எங்களை ஜெபத்துக்கு உட்கார வைப்பார். ஊருக்கு அவர் சார். எங்களுக்கும் அநேகமாக அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது ஒரு மழைக்காலத்தைப் பற்றி. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை தொடங்கியதும் தங்கைக்கு வலிவு கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி, முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். நெய்யாற்றின்கரை டாக்டர், ஈரம் ஆகாது, தூசி ஆகாது, பூனை நாயின் ரோமம் ஆகாது என்று மூன்று சொல்லியிருந்தார். அப்பா ஈரத்தையும் ரோமத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தூசியை மறந்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டிப் பொடி தோளெல்லாம் படிந்திருக்க, நேரே வந்து அவள் தலைமாட்டில்தான் உட்காருவார். அம்மா ஈரத்துக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்து, கட்டிலுக்கு அடியில் கனல் சட்டி வைப்பாள். அவர்கள் இருவரும் அவளை உயிராக நேசித்தார்கள். அந்த அறையில் மூச்சுவிட இடமில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

எங்கள் வீட்டுப் பூனையை அப்பா சாக்கில் போட்டுப் பொழியூர்க் கடற்கரையில் விட்டுவரச் சொன்னார். மீன் இறங்குகிற கரை. பூனைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தங்கைக்கு அது ஆறுதலாக இல்லை. சோறு வேண்டாம் என்றாள். அம்மா சட்டைத் துணியில் ஒரு பொம்மை தைத்துக் கொடுத்தாள். அதைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுக்கு உசிரு இல்ல. எனக்கு உசிரு உள்ள ஒண்ணு வேணும்.”

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அப்போது பாறசாலைச் சந்தியில் படங்களுக்குக் கண்ணாடி போடுகிற ஒரு கடையில் வேலை பார்த்தார். கல்யாணப் படங்கள், இயேசுநாதர், குருவாயூரப்பன், செத்துப்போன தாத்தாக்கள் எல்லாரும் அவர் கையால்தான் சட்டத்துக்குள் போனார்கள். விரல்களில் எப்போதும் ஏதாவது ஒன்றில் துணி சுற்றியிருக்கும். “இந்தப் பய ஒரு வேலையும் முழுசாச் செய்யமாட்டான்” என்பது அவரைப் பற்றி அப்பாவின் கருத்து. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் மாட்டிய படம் எதுவும் எங்கள் வீட்டுச் சுவரில் நேராக நின்றதில்லை.

ஒரு சனிக்கிழமை மாமா குடையைக் கூட மடக்காமல் உள்ளே வந்தார். கையில் மூடியில் ஓட்டை போட்ட பால்பொடி டப்பா. திறந்தார். உள்ளே பஞ்சுத் துண்டுபோல ஒரு வெள்ளெலி, சிவந்த கண்ணோடு எங்களை அண்ணாந்து பார்த்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த கூட்டுக்காரர் ஒருவர் கொடுத்ததாம்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “எலியையா வீட்டுக்குள்ள கொண்டுவாற?”

“அத்தான், இது நாட்டு எலி இல்ல. காலேஜில உள்ளதாக்கும்.”

“நீ பத்தாம் கிளாஸ் தாண்டல்ல. உன் எலி காலேஜ் வர போயாச்சோ?”

மாமா சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலில் தங்கை எழுந்து உட்கார்ந்திருந்தாள். பல நாளாக அவள் தானாக எழுந்து உட்கார்ந்ததில்லை. அப்பா அதைக் கவனித்தார். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

“ரோமம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“ரோமம் உள்ள வராம செய்யலாம் அத்தான். அவ கண்ணால கண்டா போதும். தொடண்டாம்.”

“கண்ணால காணட்டு. ஆனா அவ மூக்குல ஒரு ரோமம் கேறினா, அந்த எலியும் இந்தப் படி எறங்கும், நீயும் எறங்குவ. கேட்டியா?”

“கேட்டேன்” என்றார் மாமா. அப்பா சொன்னால் செய்கிறவர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த சில நாட்கள் மாமா கடை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய யோசனை இதுதான். தங்கையின் கட்டிலுக்கு எதிரே இருந்த ஜன்னலில் மரக்கம்பிகளைக் கழற்றிவிடுவது. அந்த இடைவெளிக்கு அளவாக ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, மேசை இழுப்பறையைப் போல வெளியிலிருந்து உள்ளே தள்ளிப் பொருத்துவது. அறைப் பக்கம் முழுக் கண்ணாடி, சந்தெல்லாம் அடைத்தது. வெளிப்பக்கம், இறவாரத்துக்குக் கீழே, கொசுவலைக் கம்பி போட்ட ஒரு சின்னக் கதவு. எலிக்குக் காற்று வெளியிலிருந்து வரும். அதன் வாசமும் ரோமமும் வெளியே போகும். தீனி வைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் வெளியில் நின்றுதான். தங்கை கட்டிலில் இருந்தபடி சினிமாப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம்.

சட்டத்துக்கு அயினி மரப் பலகைத் துண்டுகள். கண்ணாடி எல்லாம் கடையில் கழித்துப் போட்டவை. ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. ஒரு கண்ணாடியில் பழைய படத்தின் கறை ஓரத்தில் வட்டமாக இருந்தது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அறைப் பக்கம் வைத்த பெரிய கண்ணாடியில் ஓர் அலை ஓடியது. எலி அந்த இடத்தைக் கடக்கும்போது முயல் அளவுக்குப் பெருத்து, தாண்டியதும் பழையபடி சுருங்கும். மாமா வைரமுனைக் கத்தியால் கண்ணாடியில் கோடு இழுப்பார். பல் கூசும். பிறகு மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. பாதி நாட்கள் நேராக உடையும். மீதி நாட்கள், “போச்சு மக்கா” என்று விரலை வாயில் வைத்துக்கொள்வார். அறைப் பக்கக் கண்ணாடியில் உடைந்த ஒரு மூலைக்கு, கண்ணாடி ஒட்டும் பசையான புட்டியை வைத்தே சதுரம் ஆக்கினார்.

புட்டிக்கு வெள்ளைப்பொடி வேண்டும். அப்பாவின் பையிலிருந்து தேய்ந்த சாக்கட்டித் துண்டுகளை நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். உரலில் இடித்து, ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்தோம். சப்பாத்தி மாவு மாதிரி வந்தது. வீடு முழுக்க அந்த எண்ணெய் வாசம். இன்றைக்கும் எங்காவது கதவுக்கு வண்ணம் அடிக்கிறவர்கள் புட்டி திறந்தால் நான் நின்றுவிடுகிறேன்.

பெட்டியைப் பொருத்திய அன்று அப்பா பரிசோதனை வேண்டும் என்றார். எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர். மாமா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கனல் எடுத்து, சாம்பிராணி போட்டு, வெளியிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கம்பிக் கதவை ஈரச்சாக்கால் மூடினார். கண்ணாடிக்குள் புகை சுழன்று சுழன்று நிறைந்தது. அப்பா அறைக்குள் நின்று, கண்ணாடியின் நாலு ஓரத்திலும் மூக்கை வைத்து வைத்து மோந்தார். சார் ஜன்னலை மோந்து பார்ப்பதைக் கண்டு தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள்.

“மணம் வருதா அத்தான்?” வெளியிலிருந்து மாமா கத்தினார்.

“இல்ல.”

“சரியா மோந்து பாருங்க. பொறவு குத்தம் சொல்லப்பிடாது.”

“எலே, மோந்தாச்சு.”

அப்படித்தான் எலி குடியேறியது. உள்ளே போனதும் பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கை இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தது. வகுப்பு முடிந்து சாக்கட்டிப் பொடியைத் தட்டிவிடுகிற மாதிரியே இருந்தது.

“டீச்சர்!” என்றாள் தங்கை. பெயர் வைத்தாகிவிட்டது.

டீச்சருக்குத் தண்ணீர் வைக்க ஒரு பழைய சைக்கிள் மணியின் மூடி. தூங்க ஒரு சிரட்டை, கண் இருக்கும் பக்கத்தை வாசலாக அறுத்தது. ஓட, மாமா டப்பா மூடியிலும் கம்பியிலும் செய்த ஒரு சக்கரம். அது கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். சாயங்கால ஜெபத்தில் அப்பா நீண்ட ஜெபம் பண்ணும்போதுதான் டீச்சர் ஓடத் தொடங்கும். அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து ஜன்னலைப் பார்ப்பார். ஒரு நாள் ஆமென் சொன்ன கையோடு, “அந்தச் சக்கரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் விடு” என்று என்னிடம் சொன்னார். அவர் அதை வீட்டில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார் என்று நாங்கள் அப்போது புரிந்துகொண்டோம். தங்கை மறுபடி சாப்பிட்டாள். டீச்சர் கடலையை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும். அதைப் பார்த்தபடி இவளும் கொறிப்பாள்.

இனி என் பங்கு.

பெட்டிக்கு அடியில் பழைய பத்திரிகையைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார் மாமா. அதுதான் போட்டுவந்தேன். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்குப் போகும் வழியில், கால்வாய்க் கரையில், அழுகவைத்த தேங்காய்க் கதம்பையைப் பெண்கள் தடியால் அடித்து நார் பிரிப்பார்கள். நார் கயிற்றுக்குப் போகும். பக்கத்தில் கதம்பைத் தூள், பழுப்புச் சோறுபோல, ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். யாருக்கும் வேண்டாதது. அதைப் பெட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறைத்தால் டீச்சர் வளை தோண்டும். கண்ணாடியை ஒட்டித் தோண்டினால் மண்ணுக்குள்ளே எலி எப்படி வாழ்கிறது என்று தங்கை கட்டிலில் இருந்தே பார்க்கலாம். இது மாமாவுக்குக்கூடத் தோன்றாதது என்று எனக்கு ஒரே பெருமை.

அப்படியே நடந்தது. டீச்சர் மூக்கால் முட்டி, கையால் தள்ளி, கண்ணாடி ஓரமாகவே ஒரு நீண்ட வழி போட்டது. திருப்பத்தில் ஓர் அறை. அறையில் கடலை சேமிப்பு. “அது அடுக்களை, அது கட்டில் முறி” என்று தங்கை அறைகளுக்குப் பெயர் வைத்துக் கை நீட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளுடைய கண்கள் அப்படி விரிந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் அதை எலிக்குப் போட்ட மண் என்று நினைத்தார்கள்; மாமா அந்த நாட்களில் கடை வேலையால் வரவில்லை.

சங்கடம் ஒன்றுதான். அழுக்கானதும் மாற்றப் புதுத் தூள் வேண்டும், ஆனால் கொண்டுவருவது எல்லாம் ஈரம். மழையில் அதை எங்கே காயவைப்பது? வெளியே ஒரு மூலையும் உலர்ந்ததாக இல்லை. அடுக்களையில் வைத்தால் அம்மா வீசி எறிவாள். வீட்டில் உலர்ந்த இடம் ஒன்றே ஒன்று இருந்தது. தங்கையின் கட்டிலுக்கு அடியில், கனல் சட்டிக்குப் பக்கத்தில். சாக்கை விரித்து அங்கே பரப்பினேன். தங்கைக்குத் தெரியும். அவள்தான் காவல். யாராவது குனிந்தால் போர்வையைத் தொங்கவிடுவாள்.

எலியின் ரோமம் ஒன்று நுழையக்கூடாது என்று ஜன்னலை அவ்வளவு கவனமாக அடைத்த வீட்டில், அவள் முதுகுக்கு நேர் கீழே நான் தூளைக் காயவைத்தேன். அந்த நாட்களில் அவளுக்கு இருமல் கூடியது. எல்லாரும் மழையைச் சொன்னார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா பள்ளியில், அம்மா தொழுத்தில் பசுவுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். தூள் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. அதில் நார்க்கட்டி இருந்தால் டீச்சரின் காலில் சுற்றும் என்று அம்மா மாவு சலிக்கும் அரிப்பை எடுத்துவந்தேன். யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அரித்தேன். பழுப்புத் தூசி எழுந்து, கண்ணாடிப் பெட்டி வழியாக வந்த வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றியது. அழகாக இருந்தது. தங்கை தும்மினாள். சிரித்தாள். மறுபடி தும்மினாள். “நைசா அரிக்கணும் அண்ணா, அதுக்கு மெத்த வேணும்” என்றாள். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

பிறகு அவள் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோள்கள் காதுவரை உயர, வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நாவல்பழ நிறம்.

நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அதை மட்டும் உடனே செய்தேன். அம்மா ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். யாரோ அப்பாவை அழைத்துவந்தார்கள், யாரோ சந்தியிலிருந்து காரைக் கொண்டுவந்தார்கள். மழையில் அந்தக் கார் இறங்கிப் போனதும் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அறைக்குள் போனேன். சாக்கைச் சுருட்டி, தூளை எல்லாம் தென்னை மூட்டில் கொட்டினேன். தரையைப் பெருக்கினேன். அரிப்பைக் கழுவி ஆணியில் மாட்டினேன். தங்கை பிழைக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டேதான் அத்தனையும் செய்தேன்.

அவள் பிழைத்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்தாள். அப்பா மட்டும் மறுநாள் வந்தார். முகம் மழிக்காமல், சட்டை கசங்கி, ஜன்னலின் முன் நின்றார். டீச்சர் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுல எங்கயாவது எளக்கம் உண்டா? ரோமம் உள்ள வந்துதா? நீ ஏதாவது கண்டியா?”

என்னைத்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் என்னிடம் அவ்வளவு கெஞ்சலாக அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.

“தெரியல்ல” என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘இல்லை’ என்று சொல்லியிருந்தாலும் மாமா தப்பியிருப்பார்.

மாமா அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேரே வந்தார். அப்பா வாசலிலேயே நின்றார். “நான் சொன்னது ஓர்ம உண்டா?” என்று மட்டும் கேட்டார். மாமா தலையாட்டினார். தர்க்கம் பண்ணவில்லை. சாம்பிராணிச் சோதனையைக்கூட எடுத்துச் சொல்லவில்லை. பையிலிருந்து உளியை எடுத்து, தானே வைத்த புட்டியைத் தானே பெயர்த்தார். பெட்டியை வெளியே இழுத்து, கம்பிக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டார். கை முழுக்கக் கதம்பைத் தூளோடு வந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பேப்பர் போடத்தானே மக்கா சொன்னேன்?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அப்பா உள்ளே இருந்தார். மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, டீச்சரைப் பால்பொடி டப்பாவில் போட்டு, படி இறங்கிப் போனார். குடையை மறந்துவிட்டுப் போனார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட என்னை அப்பா விடவில்லை என்று பிறகு நினைத்துக்கொள்வேன். உண்மையில் நான் கேட்கவேயில்லை.

தங்கை திரும்பி வந்தபோது ஜன்னலில் பலகை அடித்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்னிடம் கோபமாக இருக்கிறாள், எல்லாம் தெரிந்துதான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது.

பெட்டி கொஞ்ச நாள் தொழுத்தில் கிடந்தது. நல்ல அயினியை வீணாக்கக்கூடாது என்று அப்பா அதை சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் கொடுத்துவிட்டார். உங்களுக்குத் தெரியும், அன்று அவரவர் வீட்டில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வாழைக்குலை, சேனை, கோழி, மத்தங்காய் வரிசையில் எங்கள் கண்ணாடிப் பெட்டியும் இருந்தது. அம்மா சாம்பல் போட்டுக் கழுவிப் பளபளவென்று ஆக்கியிருந்தாள்.

ஏலம் விட்ட சபை மூப்பர் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். “சார் வீட்டுக் கண்ணாடியாக்கும்! இதுல என்ன வச்சாலும் நல்லாத் தெரியும்! கேளுங்க, கேளுங்க!”

எடுத்தவர் சந்தியில் தேநீர் விற்கும் சாயக்கடை வைத்திருந்தவர். மறுநாள் முதல் அதில் சுகியனும் பழம்பொரியும் அடுக்கியிருந்தன. கண்ணாடியின் அலையில் ஒரு சுகியன் மட்டும் தேங்காய் அளவுக்குத் தெரியும். அப்பா அதன்பின் அந்தக் கடையில் சாயாவோடு தின்னும் கடி எதுவும் தொடவில்லை. “என்ன சாரே, வெறும் சாய மட்டும் போதுமா?” என்று கடைக்காரர் கேட்பார். “வயிறு சரியில்ல” என்பார் அப்பா. வருடக்கணக்காக அவருக்கு வயிறு சரியில்லாமலே இருந்தது. இதைத் தங்கையிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மாமாவின் கடையும் அதே சந்தியில்தான். ஒரு நாள் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில், கழித்துப் போட்ட ஒரு விளக்குக் கூண்டில், வெள்ளையாக ஏதோ எழுந்து நின்று கையைத் தேய்ப்பதைப் பார்த்தேன். மாமா குனிந்து அதற்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டின் மறுபக்கம் போய்விட்டேன். பிறகு எப்போதும் மறுபக்கம்தான்.

அம்மா தன் தம்பியைப் பல வருடம் ஆலய முற்றத்தில் மட்டும் பார்த்தாள். வீட்டில் சுட்ட பணியாரத்தை வாழையிலையில் கட்டி, பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்துப் பிடித்துக் கொண்டுபோவாள். தங்கையின் கல்யாணத்துக்குத்தான் அப்பா மாமாவை மறுபடி படியேறச் சொன்னார். வந்தார். பந்தலின் ஓரத்தில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். என் தோளைத் தட்டி, “நல்லாப் படிச்சே மக்கா” என்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. சொல்லவில்லை. அப்பா போனார், அம்மா போனாள், பிறகு மாமாவும் போனார்.

போன மழைக்காலத்தில் தங்கை என்னை அழைத்தாள். இப்போது நெய்யாற்றின்கரையில் மகனோடு இருக்கிறாள். வளர வளர வலிவு அவளைவிட்டு விலகிவிட்டது. ஆனால் பேரனுக்கு வந்திருக்கிறது. அந்தப் பையன் ஒரு சின்ன எலி வேண்டும் என்கிறான். மருமகள் கண்ணாடித் தொட்டி ஒன்றை அளவு கொடுத்துச் செய்விக்கப்போகிறாள், டாக்டரிடமும் கேட்டுவிட்டாளாம்.

“நீ வந்து அவகிட்ட வேண்டாம்னு சொல்லணும் அண்ணா. நான் சொன்னா கேக்கமாட்டேங்கா.”

போனேன். மருமகள் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். தங்கை எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புடவை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“ஒரு காரியம் சொல்லணும். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. மாமாவ அப்பா வெளிய தள்ளினது என்னக் கொண்டாக்கும்.”

“உன்னாலயா?”

“கண்ணாடிக்கு ஒரு மூலையில புட்டி மட்டும் இருந்துதே. அதக் கொண்டை ஊசி வச்சு நோண்டி ஓட்ட போட்டேன். அதுவழியா வெரல விட்டேன். டீச்சர் வந்து மோந்து பாத்துட்டு நக்கிச்சு. பொறவு சோத்துப் பருக்க வச்சு ஓட்டய அடச்சேன். அன்னைக்கு மத்தியானம்தான் எனக்கு அப்பிடி ஆச்சு. தொடண்டாம்னு மாமா சொன்னாரு. நான் தொட்டேன். அவரு எறங்கிப் போனாரு. அப்பா கேட்டா சொல்லணும்னு சுவரப் பாத்துக் கெடந்தேன். அவரு கேக்கவே இல்ல.”

என் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. என்னிடம் கோபம் என்று நான் நினைத்துக்கொண்ட அந்த முதுகு, இத்தனை காலமும் இதைச் சுமந்திருக்கிறது. அப்போதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

பிறகு சொன்னேன். கட்டிலுக்கு அடியில் காய்ந்த தூள், சாத்திய கதவு, அரிப்பு, அவள் தும்மியது, நான் வேகமாக ஆட்டியது, கார் போனதும் பெருக்கியது, அப்பா கேட்டது, நான் சொன்ன ‘தெரியல்ல.’ அவளுக்கு அந்த மதியம் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. விரல் மட்டும்தான் இருந்தது.

“மாமாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சாவுற வரைக்கும்?”

“இல்ல.”

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே பார்த்தபடியே, “அது நீ செஞ்சது சரி இல்ல அண்ணா” என்றாள்.

“சரி இல்ல.”

“அம்ம எத்தன நாள் அந்தப் பணியாரத்தக் கெட்டிக்கொண்டு நடந்தா.”

மழை வலுத்து, குறைந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் போகவில்லை. ஆனால் அதற்குள்ளே வேறு ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வருவதுபோல இருந்தது.

“அப்போ டீச்சர் எனக்கு வலிவு ஒண்ணும் தரல்ல.”

“தரல்ல.”

“அது சும்மா நக்கினதாக்கும்.”

“ஆமா.”

“எம்மேல உள்ள இஷ்டத்துல.”

“ஆமா பிள்ள.”

அவள் வலது கையின் சுட்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள். மூட்டு வீங்கி, நகம் மங்கிய விரல். அதன் நுனியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக மடக்கி, மற்றக் கையால் பொத்தி, மடியில் வைத்துக்கொண்டாள்.